படாக் மரம் வைத்த பியானோ

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

“வாசிக்க முடியாத பியானோவை வெச்சுக்கிட்டு இந்தத் தீவுல எனக்கு என்ன வேலை?” என்று கேட்டுவிட்டுச் சென்னைக் கப்பல் ஏறினாய். பியானோ இப்போது பாடுகிறது.

உள்ளே தந்திகள் அழுந்தி நிற்கும் மரக்கட்டைதான் ஆணி வரிசையில் பிளந்திருந்தது. மேல்சுரங்கள் கொசு மாதிரி ரீங்கரித்ததற்கு அதுவே காரணம். படகு கட்டும் நந்தகுமாரிடம் கெஞ்சி, நம் தீவுக் காட்டில் விளையும் கெட்டியான படாக் மரத்துண்டுகள் இரண்டு வாங்கினேன். பழைய கட்டைமேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆணி இடங்களைப் படியெடுத்துத் துளையிட்டேன். முதல் துண்டில் காகிதத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். அது இப்போது கொல்லைக் கதவுக்கு முட்டுக்கட்டை.

நேற்று மாலை இரண்டாவது துண்டைப் பொருத்தித் தந்திகளை முறுக்கி, ஒற்றை விரலால் ஒவ்வொரு சுரமாகத் தட்டினேன். ஒன்றுகூடக் கரகரக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினேன், பல்லி சாட்சி.

உடனே பக்கத்து வீட்டு மண்டல் பாபி சுவர்மேல் எட்டிப் பார்த்தாள்.

“டீச்சர் ஆ கயீ க்யா?” நீ வந்துவிட்டாயா என்று கேட்கிறாள்.

“நஹா ரஹீ ஹை”, குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று என் வாயில் வந்துவிட்டது.

பாபி காதில் விழுந்தால் நம் டாலிகஞ்ச் பேட்டை முழுக்க விழுந்த மாதிரி. இன்று மாலை உன் மாணவப் படை மொத்தமும் வாசலில் நிற்கிறது. “அங்கிள், டீச்சர் இன்னுமா குளிக்கிறாங்க?” என்கிறாள் லத்தீபா மகள் அஸ்ரின்.

பதில் சொல்ல நீதான் வரவேண்டும். நம் ஊர்த் தண்ணீர்ப் பஞ்சத்தில் உன்னை இதற்குமேல் குளிக்க வைக்க என்னால் முடியாது.

இப்படிக்கு,
சுத்தியல் பிடிக்கத் தெரியாதவன் என்று நீ ஊரெல்லாம் சொன்ன ஆள்