அவுக சொல்லித்தேன் கட்டுனோம்

மதினி,

இன்று காலை உங்கள் மருமகள் களத்தில் மிளகாயைக் கிளறிவிட்டாள். நெடி வாசல் தாண்டி வந்து மூக்கில் ஏற, விடாமல் தும்மினேன். நம் மிளகாய்க்குத்தான் அந்த நெடி. தும்மி முடித்ததும் உங்கள் மேல் கோபம் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகியும் அது குறையவில்லை. அதனால்தான் மூன்றாம் வகுப்பு எழுத்தை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

கார்த்திகையோடு மழை நின்றுபோன அந்த வருசம் உங்களுக்கு மறந்திருக்காது. என்னை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்ததால் என் புஞ்சைக்கும் அண்ணன் புஞ்சைக்கும் ஒரே வரப்பு. இரண்டிலும் குண்டு குண்டாகக் காய்க்கும் முண்டு மிளகாய்ச் செடி வாடிச் சுருண்டு கிடந்தது. உங்கள் பக்கம் வேலியோரம் ஒரே ஒரு செடி மட்டும் மத்தியான வெயிலிலும் தலையைத் தொங்கப்போடாமல் நின்றது. நான்தான் முதலில் பார்த்தேன். அதில் பழுத்ததை நாம் தனியாக எடுத்துக் காயவைத்தோம். காய்ந்த பிறகு குலுக்கினால் விதை கலகலவென்றது. ஒன்றில்கூடக் காம்பு கழன்று விழவில்லை. காம்பு போன வற்றலை வியாபாரி ஓரமாக ஒதுக்குவான் என்பதால் எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

அடுத்த வருசம் அந்த விதையைப் போட்டோம். பாதிச் செடியில் குண்டுக் காய்க்குப் பதில் நீட்டு நீட்டாகக் காய்த்தது. நீங்கள் அழுதே விட்டீர்கள். நான் மூன்று நாள் பாத்தியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்துப் பாத்தியில் நீட்டுக் காய் காய்க்கும் சம்பா மிளகாய்ப் பூவில் உட்கார்ந்த தேனீ நேராக நம் செடிக்கு வந்தது.

"இந்தக் களவாணிதேன் மதினி கலக்கிவிடுது" என்றேன்.

நீங்கள் வேலியோர மாதுளையைத் திரும்பிப் பார்த்தீர்கள். "மாதுளம் பிஞ்சுக்கு அணிலுக்குப் பயந்து துணி கட்டுறோம்ல? அதையே இதுக்கும் கட்டுனா என்னத்தா?"

அண்ணனின் பழைய வேட்டியைக் கிழித்து நீங்கள் சின்னச் சின்னப் பை தைத்தீர்கள். மொட்டு விரியும் முன்னே கிளைக்குப் பையை மாட்டி, பிஞ்சு பிடித்ததும் கழற்றி, அந்தக் காயில் நான் சிவப்பு நூல் கட்டுவேன். அண்ணன் வரப்பில் நின்று சிரித்தார். "செடிக்குச் சட்டை தச்சாச்சு. பாவாடை எப்பத்தா தைக்கப் போறீக?" ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. ஆறு வெள்ளாமை அப்படிப் போனது. நீட்டுக் காய் வந்த செடியைப் பிடுங்கினோம். காம்பு உதிர்ந்ததைக் குழம்புக்குப் போட்டோம். ஏழாம் வருசம் மழை பொய்த்தும் ஒரு பாத்தி முழுக்க ஒன்றுபோல நின்றது.

அப்புறம்தானே விவசாய ஆபீசிலிருந்து அந்த ஆள் வந்தார். ஊர்க்காரர்கள் கூடி நிற்க, பாத்தியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்த ரகத்தை எடுத்தது?" என்று கேட்டார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான்தேன்" என்றார். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அண்ணனை எனக்குத் தெரியாதா? ஆபீசர் பையைத் தொட்டு, "இது எதுக்கு?" என்றார். அண்ணன் முழித்தார்.

"கண்ணு பட்டுறக் கூடாதுல்ல சார், அதுக்குத்தேன்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. இனி உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் மோர்ச் செம்போடு நின்றீர்கள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னீர்கள்:

"அவுக வெளையாட்டுக்குச் சொல்றாக சார். தேனீ வந்து கலக்கிரும்னு அவுக சொல்லித்தேன் நாங்க கட்டுனோம்."

ஆபீசர் தலையாட்டி எழுதிக்கொண்டார். பை உங்களுடையது. அதைத் தூக்கிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தேனீ என்னுடையது, மதினி. அதை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?

அன்று சாயங்காலமே கேட்டேன்.

"என்னத்தா செய்ய? பத்துப் பேருக்கு முன்னால அவுக மொகம் செத்துப்போச்சே" என்றீர்கள்.

"எம் மொகம்?"

நீங்கள் சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டீர்கள்.

அதன்பின் நாம் பேசாமல் இருந்ததில்லை. மழையைப் பேசினோம், ஆட்டுக்குட்டியைப் பேசினோம். அண்ணன் போன பிறகாவது அந்த ஒரு வார்த்தையைத் திருப்பி வாங்குவீர்கள் என்று காத்திருந்தேன். விதை கேட்டு வந்தவர்களிடமெல்லாம் "அவுக கண்டுபிடிச்ச மெளகா" என்றே சொன்னீர்கள். சொல்லிச் சொல்லி நீங்களே நம்பிவிட்டீர்களோ என்னவோ.

போன மாசம் உங்கள் மகன் ஒரு தாளோடு வந்தான். அவன் அய்யா பேரில் ரகத்தைப் பதியப் போகிறானாம். கண்ணால் பார்த்த சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"ஏலே, இதை எடுத்தது நானும் ஒங்கம்மாவும்" என்றேன்.

"விடுங்கத்தை. சாகுற வரைக்கும் அம்மாவே அய்யாதேன்னு சொல்லுச்சு. எங்கம்மா பொய் சொல்லுமா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடம் எப்படிச் சொல்ல? தாளை மடித்து அவன் கையிலேயே கொடுத்தேன், கையெழுத்து இல்லாமல். அன்றிலிருந்து அவன் என் வாசலை மிதிப்பதில்லை. நீங்கள் இருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். அதையும் கூடவே எடுத்துப் போய்விட்டீர்கள்.

இந்த வருசம் என் புஞ்சையில் இலைச்சுருட்டு நோய் விழுந்து செடியெல்லாம் குறுகிப்போனது. நடுவில் ஒன்று மட்டும் இலை விரித்து, கிளை தாழக் காய்த்திருக்கிறது. பார்த்ததும் உங்கள் வரப்புப் பக்கம் திரும்பி "மதினி!" என்று கத்திவிட்டேன். களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"யாரைக் கூப்புடுறீக?"

"ஆட்டை" என்றேன்.

அந்தச் செடி எந்தப் பாத்தியில் நிற்கிறது என்று யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.