நான் துவைத்த சட்டை

மனசை விட்டுப் போகாத என் மாமாவுக்கு,

நம் பேரப்பிள்ளைகள் உங்கள் பேரைக் காப்பாற்றுகிறார்கள். பெரியவன் பஸ் கண்டக்டராகிவிட்டான். சின்னவன் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க். மகள் வயிற்றுப் பேத்தி கவிதா சென்னையில் டிவி சீரியலில் உதவி இயக்குநர்! கடைசியில் ஓடும் பெயர்களில் அவள் பெயரும் வருகிறது. வளப்பூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற யாரிடமும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

முன்பெல்லாம் அவர்களுக்கு எழுதும் கடிதத்துக்குக் கடிதம், "புது போட்டோ அனுப்பு கண்ணு" என்று கேட்பேன். இப்போது கேட்பதில்லை. சுவரில் அவர்கள் படங்களுக்கு நடுவே உங்களுக்கென்று விட்ட இடம் கண்ணைக் குத்துகிறது. மலையிறங்கிப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டே உங்களை ஒரு போட்டோகூட எடுக்காமல் போய்விட்டோம்.

சினிமாவிலாவது உங்கள் முகம் இருந்திருக்கும். கெடுத்தது நான்.

நம்மூரில் ஷூட்டிங் நடந்தபோது, பலாப்பழம் வெட்டிய கையோடு வேடிக்கை பார்க்கப் போனீர்கள். கதாநாயகனுக்கு வழி காட்டும் பெரியவராக உங்களையே நிறுத்திவிட்டார்கள். நாலு நாள் தாடி, பலாப்பால் கறை படிந்த சட்டை. பாதி எடுத்துவிட்டு, மீதி நாளைக்கு என்றார்கள்.

"இதே சட்டையோட, இப்படியேதான் வரச் சொன்னாங்க புள்ள."

"ஊரே பாக்கற படத்துல அழுக்குச் சட்டையா? கட்டுனவ ஒருத்தி ஊட்ல இருக்கறாளா இல்லியான்னு கேக்க மாட்டாங்களா?"

சீமெண்ணெய் தொட்டுத் தேய்த்துக் கறையை எடுத்தேன். நீலம் போட்டு வெளுத்தேன். காலையில் தாடியையும் எடுக்க வைத்து, மாப்பிள்ளை மாதிரி கூட்டிப்போனேன்.

அங்கிருந்த உதவி இயக்குநர் தலையில் கை வைத்துவிட்டார். "கண்டின்யூட்டி போச்சே பெரியவரே! யாரு துவைக்கச் சொன்னது?"

பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நானேதானுங்க துவைச்சேன்" என்றீர்கள். வேறு ஒருவரை நிறுத்தி முதலிலிருந்து எடுத்தார்கள்.

அடிவாரத்துத் தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதபோது என்ன சொன்னீர்கள்? "அட விடு புள்ள. என்னையவிட அவன் நல்லாத்தான் வழி காட்டறான்." ஏன் மாமா, ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

போன பொங்கலுக்கு வந்த கவிதாதான் விளங்க வைத்தாள். "இன்னைக்கு எடுத்த சீனை நாளைக்குத் தொடர்ந்து எடுத்தா, சட்டைப் பித்தான், டம்ளர்ல இருக்கற தண்ணிகூட அப்படியே இருக்கோணும் அம்மாயி. அதையெல்லாம் நோட்டுல எழுதி வெக்கறதுதான் என் வேலை."

உங்களை எடுத்த பாதி எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டேன்.

"உதவாதுன்னு தள்ளுன பிலிமை யாரு அம்மாயி வெச்சிருப்பாங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டையை, சுவரில் நடுவே விட்ட அந்த இடத்தில் மாட்டியிருக்கிறேன். காலரில் உங்கள் வியர்வை. பையில் நாலு மிளகு. இரண்டாவது பித்தான் இல்லை. தைக்கக் கை துறுதுறுக்கிறது, தைக்கவில்லை.

இதைத் துவைக்க மாட்டேன் மாமா. நான் வந்து சேரும்வரை அப்படியே இருக்கும்.

உங்கள் பேச்சைக் கேட்காத ஊட்டுக்காரி,
கவிதாவின் அம்மாயி