வெஸ் போட்ட கோடு

மைல்ஸ் சிட்டி, மொன்டானா
3 அக்டோபர் 1987

அன்புள்ள மாமாவுக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

வெஸ் போன பிறகு இந்த வாரம்தான் அவனுடைய தோட்டா எந்திரத்தின் மேல் கிடந்த துணியை எடுத்தேன். துப்பாக்கி கிளப் போட்டிக்குத் தோட்டாக்களை நானே நிரப்பினேன். ஒன்றுகூடக் கைத்துப்பாக்கிக்குள் முழுதாக இறங்கவில்லை. சுட்டு உப்பிய பித்தளைக் கூட்டை இறுக்கி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு, அந்த டை, மேலேறி நிற்கிறது போல. உங்களிடமும் அதே எந்திரம்தானே? டையை இத்துடன் அனுப்புகிறேன், உயரத்தைச் சரிசெய்து பூட்டித் திருப்பி அனுப்புங்கள். விரிசல் விட்ட பழைய கூடுகளையெல்லாம் பித்தளைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியிருக்கிறேன்.

உங்கள் மருமகள்,
டெல்லா

ஷெரிடன், வயோமிங்
17 அக்டோபர்

டெல்லா கண்ணு,

மூட்டு அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. போன் மணி கேட்டாலே என் பிள்ளை லாரியோடு பனியில் புரண்டு செத்த செய்தி வந்த காலைதான் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் எடுப்பதில்லை.

டையை அரைச்சுற்று இறக்கிப் பூட்டிவிட்டேன். உள்ளே ஒரு கீறல் வேறு! கூட்டிலெல்லாம் நீளமாகக் கோடு விழுந்திருக்குமே? மண்ணோடு போட்டிருப்பான், சோம்பேறிப் பயல். "தொடச்சிட்டுப் போடுடா"ன்னா, "தோட்டா என்ன கல்யாணத்துக்கா போகுது?"ம்பான். லேத்தில் சுழலவிட்டு, நைஸ் உப்புத்தாளும் பசையுமாக இரண்டு நாள் தேய்த்தேன். இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. நீ கேட்காமல் செய்தது. அவனுக்குச் செய்ததாக வைத்துக்கொள்.

அன்புடன்,
ஆரின்

மைல்ஸ் சிட்டி
8 நவம்பர்

அன்புள்ள மாமா,

தோட்டாக்கள் நன்றாக இறங்குகின்றன. நன்றி.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. போட்டி முடிந்ததும் எல்லோருடைய கூடுகளும் புல்லில் கலந்து கிடக்கும். நானும் வெஸ்ஸும் கூட்டில் அந்தக் கீறல் போட்ட கோட்டைப் பார்த்துத்தான் பொறுக்குவோம். "வெஸ் வீட்டுத் தோட்டாவ மட்டும் பூனை பிறாண்டியிருக்குப்பா" என்று கிளப்பே சிரிக்கும். பழையதைத் தூக்கிப்போட்டதே, டை இருக்கிறது, புதிதிலும் அவன் கோடு விழும் என்ற தைரியத்தில்தான்.

நேற்று புல்லில் குனிந்தேன். எது எங்களுடையது என்று தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் மாதக் கடைசியில் உங்கள் வீட்டு நன்றி நாள் விருந்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

டெல்லா

ஷெரிடன்
18 நவம்பர்

டெல்லா கண்ணு,

உன் கடிதம் வந்ததிலிருந்து லேத் பக்கமே போகவில்லை. கீறலைத் திரும்பப் போட எனக்குத் தெரியும். ஆனால் அது என் கீறலாகத்தான் இருக்கும்.

போன வருஷம் வசந்தத்தில் அவன் இங்கே கொட்டிலுக்குப் பின்னால் தகரடப்பாக்களைச் சுட்டான், நினைவிருக்கிறதா? பெரிய பனி விழும் முன்னே என்று நேற்று அங்கே அந்தக் கூடுகளை மண்டி போட்டுத் தேடினேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு நீல்ஸ், "என்ன ஆரின், பல்செட்டத் தொலைச்சிட்டியா?" என்றான். "ஆமாய்யா, வாயைப் பொத்திட்டு வந்து தேடு" என்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவனும் மண்டி போட்டான்.

ஒன்றே ஒன்று கிடைத்தது. கறுத்துப் போயிருக்கிறது. நகத்தை வைத்துத் தடவினால் கோடு தட்டுகிறது.

அதை இந்த உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு பிரித்து எடுத்துவிட்டேன். கொடுக்க மனசு வரவில்லை, கண்ணு. என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

வான்கோழி வாங்கிவிட்டேன். விருந்துக்கு வா. அந்தக் கூட்டை உன் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். போகும்போது நீ எடுத்துக்கொண்டு போனால் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன் மாமா,
ஆரின்