உங்கள் சட்டைப்பையில் இருந்த நட்டு

மச்சான்,

நேற்றுக் காலை உங்கள் ஜீப்பின் டிரைவர் சீட்டைக் கழற்றித் தூக்கினேன். அடியில் இருக்கும் பெட்ரோல் டேங்கிலிருந்து அந்தப் பழைய வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. நீங்கள் போன பிறகு ஷெட்டிலேயே நின்ற வண்டியை உங்கள் மகள் கோமதிதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கட்டி இழுத்து, இராஜபாளையத்தில் என் பட்டறைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். "இரும்புக்குப் போட மனசு வரல மாமா. ஓட வச்சுக் குடுங்க" என்றாள். டேங்கு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. ஆனால் டேங்கிலிருந்து என்ஜினுக்குப் போகும் செம்புக் குழாய், நாம் போட்ட குழாய், அப்படியே இருக்கிறது. அழுக்கைத் தேய்த்ததும் சிவப்பாகப் பளிச்சிட்டது. எனக்கு வந்த கர்வத்தை யாரிடம் சொல்வதென்று தெரியாமல்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் பட்டாளத்து டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ராணுவ ஏலத்தில் எடுத்த அந்த ஜீப்போடு ஊருக்கு வந்தீர்கள். என் அக்காவைக்கூட நீங்கள் அவ்வளவு கொஞ்சியதில்லை. அப்போது கோமதிக்கு ஏழாம் மாசம். தளவாய்புரத்தில், அவள் புகுந்த வீட்டில், வளைகாப்புக்கு மூன்று நாள் இருந்தது. அது முடிந்ததும் மகளை என் வண்டியில்தான் பிரசவத்துக்கு அழைத்துப்போவேன் என்று சம்பந்தியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்திருந்தீர்கள். வண்டியிலோ உட்கார முடியாதபடி பெட்ரோல் வாடை.

நான் அடியில் படுத்துப் பார்த்தேன். இரும்புக் குழாயில் மூன்று இடத்தில் துணி சோப்பை அப்பி, மேலே நூல் சுற்றியிருந்தது.

"இது என்ன மச்சான், பைப்பா, துணி தொவைக்கிற கல்லா?"

"பெட்ரோல்ல சோப்பு கரையாதுலே. மலை ரோட்டுல இத வச்சே எம்புட்டு தூரம் ஓட்டியிருக்கேன் தெரியுமா? நீ ஒன் லேத்தப் பாரு, மாப்ள."

"பட்டாளத்துல ஒங்களுக்குப் பின்னால மெக்கானிக் வண்டி வந்துச்சு. இங்க பின்னால கோமதி உக்காந்துருப்பா. நீங்க முன்னால பீடி பத்த வப்பீங்க."

காதில் செருகியிருந்த பீடியை எடுத்துத் தூர எறிந்தீர்கள். நான் குழாயைப் பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றியதும், சேறு தங்கியிருந்த இடத்தில் குழாய் முறுக்கு போல நொறுங்கிக் கையோடு வந்தது. அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு, "மொத்தத்தையும் மாத்து" என்றீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்குத் தெரியும்.

டேங்கை இறக்கிக் காலி செய்து ஒதுக்கி வைத்தோம். துருப்பிடித்த இணைப்புகள் எதுவும் கழலவில்லை. அத்தனையையும் அறுத்துத்தான் எடுத்தேன். மதுரையிலிருந்து வரவழைத்த செம்புக் குழாய் பட்டறையில் சரியாக ஒன்றுதான் இருந்தது. நான் நேராக ஓட்டிவிடலாம் என்றேன். "என்ஜின் ஆடும், சேசிஸ் ஆடாது. நடுவுல ஒரு சுத்து விடு, இல்லாட்டி ஒடைஞ்சுபோகும்" என்றீர்கள். செம்பை வீணாக்குகிறீர்கள் என்று முனகிக்கொண்டே, மூத்தவர் சொல்லைத் தட்டக் கூடாதென்று என்ஜின் பக்கம் ஒரு வளையம் வளைத்தேன்.

குழாயின் நுனியைப் புனல் போல விரித்து, நட்டால் இறுக்கினால்தான் கசியாது. விரிப்பதற்கு முன்னால் நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும்; விரித்த பிறகு ஏறாது. அதுதான் இந்த வேலையின் பாலபாடம். நானோ தேநீர் கொண்டுவந்தவரிடம் உங்கள் சோப்பு வைத்தியத்தைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே கடைசி நுனியை அழகாக விரித்து முடித்தேன். நீங்கள் சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளை நட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள்.

"மாப்ள, இது யாருக்கு?"

அவ்வளவுதான் கேட்டீர்கள், அதுவும் தேநீர்க்காரர் போன பிறகு. விரித்த நுனியை அறுத்தால் நீளம் போதாது. வேறு குழாயும் இல்லை. நீங்கள்தான் அந்த வளையத்தைக் காட்டினீர்கள். நுனியை அறுத்து, நட்டைக் கோத்து மறுபடி விரித்து, வளையத்தைக் கொஞ்சம் சிறிதாக்கியதும் குழாய் என்ஜினுக்கு எட்டிவிட்டது. நான் வீண் என்று சொன்ன செம்புதான் என் மானத்தைக் காப்பாற்றியது.

மறுநாள் டேங்கை நிரப்பி, வளைகாப்புக்கு எடுத்த புது வேட்டியை வண்டிக்கு அடியில் விரித்தீர்கள். "புது வேட்டிய மண்ணுல போடுதாகளே, கேக்க ஆளில்லையா!" என்று அக்கா வாசலில் நின்று கத்தினாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை வண்டி அதன் மேல் நின்றது. நீங்களே உள்ளே ஊர்ந்துபோய் எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். புழுதி உண்டு, ஒரு சொட்டுப் பெட்ரோல் கறை இல்லை. அதைத் துவைத்துக் கட்டிக்கொண்டுதான் மகளை அழைத்து வந்தீர்கள். தளவாய்புரத்தில் சம்பந்தி வண்டியைச் சுற்றிப் பார்த்தபோது, "எம் மாப்ள போட்ட லைன்" என்று என் தோளில் கை போட்டீர்கள். கோமதி வழியெல்லாம் மூக்கைப் பொத்தாமல் பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பட்டம் எதுவும் கிடைக்கவில்லை.

நேற்று அந்தக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கோமதி சொன்னாள்: "மாமா, அப்பா கடைசிவரைக்கும் சொல்வாக, ஒம் மாமன் கையில ஒரு நட்டுகூடத் தவறாதுன்னு."

ஸ்பானர் என் கையிலேயே நின்றுவிட்டது. உங்கள் சோப்புக் கதையை எத்தனை கல்யாண வீடுகளில் உங்களை வைத்துக்கொண்டே சொல்லியிருப்பேன்! எல்லோரோடும் சேர்ந்து நீங்களும் சிரிப்பீர்கள். என் நட்டுக் கதையை மட்டும் மகளிடம் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்துவிட்டீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது மச்சான். அதைவிட, உங்களுக்கு மாப்பிள்ளையாக இருந்தது பெருமையாக இருந்தது. கோமதியிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். சிரித்துச் சிரித்துக் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாளை புது டேங்கு ஏறுகிறது. டேங்கு பக்கம் மட்டும் ஒரு சிறு துண்டுக் குழாய் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. வண்டிக்கு அடியில் விரிக்க அக்கா உங்கள் வேட்டி ஒன்றை மடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். இந்த முறை அவள் கத்தவில்லை.

நட்டை முதலிலேயே கோத்துவிட்டேன், மச்சான்.