வான்வழியாக இரண்டு ஒழுங்கை தூரம்

இன்று காலை கரவெட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், கத்தரிக்காய்ப் பையை மடியில் வைத்தபடி ஒரு அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்தார். குடையை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். செட்டின் கறுப்பு அன்ரெனா வெளியே நீட்டிக்கொண்டது.

“பிள்ளை, உது என்ன, ஃபோனோ?”

“இல்லையம்மா. றேடியோ.”

“பாட்டுக் கேக்கிறதோ?”

“கதைக்கிறது.”

“ஆரோடை?”

“ஆரெண்டு தெரியாத ஆக்களோடை.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதுக்கு வீட்டிலை விட்டவையோ?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செட்டை அவர் கையில் கொடுத்தேன். ஒரு சவர்க்காரக் கட்டியளவுதான் இருக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார், “பாரமில்லை” என்றார். புத்தூர் தாண்டும்வரை நான் அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். இறங்கி நடக்கும்போதுதான் உறைத்தது. முன்பின் தெரியாத ஒருவரோடு அரை மணித்தியாலம் கதைத்திருக்கிறேன், நான். சொன்னால் நீ நம்பமாட்டாய். ஒரு தடவை நம்பாமலும் இருந்திருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் மாதத்திலேயே நீ என்னைக் கண்டுபிடித்துவிட்டாய். திருநெல்வேலியில் நான் தங்கியிருந்த வீட்டுக்குப் பலாலி வீதியால்தான் பஸ். “இறக்கம்” என்று சத்தமாகச் சொன்னால்தான் நிற்பாட்டுவார்கள். எனக்கு வாய் வராது. வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய், அங்கிருந்து திரும்பி நடந்து வருவேன். ஒருநாள் நீ சைக்கிளில் எதிரே வந்து காலை ஊன்றி நின்றாய்.

“மச்சாள், உன்ரை வீடு பின்னாலை கிடக்கு. எங்கை போட்டு வாறாய்?”

“சும்மா நடந்தனான்.”

“ஒவ்வொரு நாளும் சும்மா நடக்கிறாய், என்ன.”

அடுத்த நாளிலிருந்து பஸ்ஸை விட்டு உன் சைக்கிளில் வந்தேன்.

உனக்கு இந்தப் பித்து வந்தது குருநகரில் உங்கள் வீட்டுக் குசினியில். அப்பா கடலுக்குப் போனால், மீன்பிடிப் படகுகளின் கதை கேட்கும் செட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உன் அம்மா சமைப்பாராம். இரைச்சலுக்குள்ளிருந்து அப்பாவின் குரல், “கரைக்கு வாறம்” என்று. ஆளைக் காண முன்னமே குரல் வந்து சேர்ந்துவிடும். சின்ன வயதில், அப்பா அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வீட்டுக்கு வருகிறார் என்று நீ நினைத்ததாகச் சொன்னாய்.

இரண்டாம் வருடம் நீ ஒரு கைச்செட் வாங்கினாய். உரிமம் எடுத்தவர்கள் பொழுதுபோக்காகக் கதைக்கும் அமெச்சூர் வானொலி. பரீட்சை கொழும்பில். “தனியப் போகேலாது, நீயும் எழுது” என்று என்னையும் ரெயிலில் ஏற்றினாய். உன்னைவிட எனக்கு இரண்டு புள்ளி கூட வந்தது. எனக்கென்று ஓர் அழைப்புக் குறியும் வந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத, எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஒரு பெயர். வீட்டில் காட்டினேன். வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்த அப்பா, கடிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “கதைக்கத் தெரியாதவளுக்குக் கதைக்கிறதுக்கு லைசன்ஸ்” என்றார். அம்மா அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

முதல் தடவை நீ என்னைக் குருநகர் இறங்குதுறைக்குக் கூட்டிப்போன பின்னேரம் நினைவிருக்கிறது. அளவெடுக்கும் இரும்பு நாடாவை வெட்டி, குழாய்த் துண்டில் பூட்டி, மீன் முள்ளைப் போல் ஓர் அன்ரெனா செய்திருந்தாய். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “உதாலை என்ன பிள்ளை, பருந்து பிடிக்கவோ?” என்று ஒருவர் கேட்டார். “ஓம் மாமா, பெரிய பருந்து” என்றாய்.

விண்வெளி நிலையத்தில் ஒரு றேடியோ இருக்கிறது. கீழிருந்து யாராவது கதைத்தால் அதைப் பிடித்து, அந்தக் கணமே பூமிக்குத் திருப்பி அனுப்பும். நிலையம் நமக்கு மேலால் போகும் பத்து நிமிடத்துக்குள்தான் எல்லாம். இவ்வளவும் நான் பரீட்சைக்குப் படித்தவை. ஆனால் நீ அன்ரெனாவை மண்டைதீவுப் பக்கம் நீட்டி மெல்ல மெல்ல உயர்த்த, வெறும் இரைச்சலாக இருந்தது திடீரென்று விரிந்து ஒரு பெண்குரலானது. அவள் தன் அழைப்புக் குறியைச் சொன்னாள், சுமாத்திரா என்றாள். வங்காளத்திலிருந்து ஒரு முதியவர் அவளுக்கு வணக்கம் சொன்னார். அவர்களுக்கு நடுவே கடல் இருந்தது. அந்தக் குரல்கள் நானூறு கிலோமீற்றர் மேலே போய், இறால் மணக்கும் அந்தத் துறையில், உன் உள்ளங்கைக்குள் வந்து இறங்கின. நான் அப்படியே ஒரு கல்லில் இருந்துவிட்டேன். நீ கதைக்கும் பொத்தானை அழுத்தி உன் குறியையும் பெயரையும் சொன்னாய். சுமாத்திராக்காரி உன்னைப் பெயர் சொல்லி அழைத்தாள். கதைத்து முடித்தபின் செட்டை என்னிடம் நீட்டினாய். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“ஆரும் உன்ரை முகத்தைப் பாக்கமாட்டினம், மச்சாள்.”

“முகமெண்டாலும் பரவாயில்லை. குரல்தான் பயம்.”

அந்தப் பயத்திலேயே இரண்டு வருடம் போனது. புதுச் செட் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தச் சின்னதை எனக்கே தந்துவிட்டாய். நான் தங்கியிருந்த வீட்டின் தண்ணீர்த்தாங்கிக்குப் பக்கத்தில் நின்று மணிக்கணக்காகக் கேட்பேன். கேட்பது மட்டும்தான். “கூப்பிட்டனியோ?” என்பாய். “கூப்பிட்டனான், ஒருத்தரும் எடுக்கேல்லை” என்பேன். அது பொய் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

கடைசி வருடம் உனக்கு இரத்தத்தில் நோய் என்றார்கள். மருந்து ஏற்ற ஏற்ற உன் வாயும் தொண்டையும் புண்ணாகி, நிறுத்தாமல் கதைத்துக்கொண்டிருந்த நீ கொப்பியில் எழுதிக் காட்டத் தொடங்கினாய். ஒரு சனிக்கிழமை உன்னைப் பார்க்கக் குருநகருக்கு வந்தேன். அடுத்த நாள் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுபோக இருந்தார்கள். நீ கொப்பியைத் தூக்கிக் காட்டினாய். முன்னமே எழுதி வைத்திருந்திருக்கிறாய்.

“இண்டைக்கு நாலு பத்துக்கு நிலையம் மேலாலை போகுது. ஐந்தே முக்காலுக்கு இன்னொருக்கா. உன்ரை குரல் மேலை போய் வாறதை நான் ஒருக்காக் கேக்கவேணும். ஆஸ்பத்திரியிலை செட் வைச்சிருக்க விடமாட்டினம்.”

ஏலாது என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. யன்னலோரம் படுத்தபடி உன் செட்டைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தாய்.

நாடா அன்ரெனாவை எடுத்துக்கொண்டு, இரண்டு ஒழுங்கை தாண்டிக் கடற்கரைக்குப் போனேன். பிழை வரக்கூடாது என்ற பயத்தில் செட்டிலிருந்த எல்லாவற்றையும் அழித்து, அலைவரிசைகளைப் புதிதாக நானே போட்டேன். நாலு பத்துக்கு இரைச்சல் விரிந்தது. யாரோ ஒருவர் கதைத்து முடித்தார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். கூப்பிட்டேன், உண்மையாகவே. என் அழைப்புக் குறியை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். பதிலில்லை. மீண்டும் சொன்னேன். மற்றவர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள், சிரித்தார்கள். நான் அங்கே இல்லாதது போலவே கதைத்தார்கள். ஏழு தடவை கூப்பிட்டேன். நிலையம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். உன் அம்மாதான் கேட்டார்.

“ஏன் பிள்ளை நீர் கதைக்கேல்லை? இவள் மூச்சும் விடாமல் கேட்டுக்கொண்டு கிடந்தவள்.”

“கதைச்சனான் அன்ரி. ஒருத்தரும் எடுக்கேல்லை.”

சொன்னவுடனேயே என் காதில் விழுந்தது. இரண்டு வருடமாகச் சொன்ன அதே பொய்யின் அதே சொற்கள். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். கோபமில்லை அந்தப் பார்வையில். பரவாயில்லை, விடு என்ற பார்வை. அதைவிட நீ என்னை அடித்திருக்கலாம்.

எதற்கோ கையை நீட்டினாய். செட்டைத் தந்தேன். வாங்கிய உன் கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அதைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தாய். இந்தச் சின்னச் செட்டுகள் கேட்கும்போது குளிர்ந்தே இருக்கும், கதைத்தால்தான் சுடும். ஏழு தடவை கதைத்த சூடு அதன் முதுகில் இன்னும் இருந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு அதைக் கன்னத்திலேயே வைத்திருந்தாய்.

பிறகு திரையைப் பார்த்தாய். ஒரு மூலையை விரலால் தட்டினாய். அங்கே டோனைக் காட்டும் இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும், இல்லை. குரலுக்கு அடியில் மெல்லிய ஒரு டோன், காதுக்குக் கேட்காத முணுமுணுப்பு, சேர்ந்து போனால்தான் மேலேயிருக்கும் றேடியோ கதவைத் திறக்கும். எல்லாவற்றையும் அழித்தபோது அதையும் அழித்துவிட்டேன். மூடிய கதவுக்கு முன்னால் நின்று ஏழு தடவை கதைத்திருக்கிறேன். நீ சிரித்தாய். சிரித்தால் உனக்கு நோகும். நொந்துகொண்டே சிரித்தாய், கண்ணீர் வரச் சிரித்தாய். கொப்பியில் எழுதினாய்: “உனக்கோ என்னைவிட ரெண்டு புள்ளி கூட.”

ஐந்தே முக்காலுக்கு நிலையம் மேற்கே தாழ்வாகத்தான் வந்தது. சூரியன் விழுகிற இடத்துக்கு அன்ரெனாவைப் பிடிக்க வேண்டியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. இம்முறை டோனை மூன்று தடவை சரிபார்த்தேன். இந்தியாவிலிருந்து ஒருவர் கதைத்து முடித்த இடைவெளியில் அழுத்தினேன். என் அழைப்புக் குறியைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு சொல்ல வேண்டிய ஒழுங்குகள் எல்லாம் மறந்துபோய், தமிழில், “கேக்குதோ?” என்றேன்.

கையை எடுத்தேன். இரைச்சல்.

பிறகு இரைச்சல் சட்டென்று அடங்கியது. யாரோ தங்கள் செட்டை அழுத்தியிருக்கிறார்கள். ஆனால் யாரும் கதைக்கவில்லை. அந்த அமைதிக்குள் ஒரு மூச்சு கேட்டது. உள்ளே போய், கொஞ்சம் தடக்கி, வெளியே வந்தது. அந்த மூச்சை எனக்குத் தெரியும். எத்தனையோ நாள் உன் சைக்கிளில் பின்னால் இருந்து கேட்டிருக்கிறேன். இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் கட்டிலில் கிடந்த நீ விட்ட மூச்சு, மனிதர் மிதந்து வாழும் ஓர் இடம்வரை போய், வங்காளமும் சுமாத்திராவும் கேட்க, கடற்கரையில் நின்ற என்னிடம் வந்தது. அந்த நேரம் நான் எங்கே நின்றேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கால் தண்ணீருக்குள் இருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

ஓடி வந்தேன். உன் அம்மா வாசலில் நின்றார்.

“உம்மடை குரல் கேட்டுது பிள்ளை. ஒழுங்கையாலை வாறீராக்கும் எண்டு எட்டிப் பாத்தன், ஆளைக் காணேல்லை. மேலை போயோ வந்தது?”

“ஓம் அன்ரி. மேலை போய்த்தான்.”

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நீ கொப்பியைக் காட்டினாய். நான் வந்து சேர முன்னமே எழுதியிருந்தாய்: “கடைசி எழுத்தை விழுங்கிறாய். மற்றும்படி நல்லாக் கேட்டுது. குறியைச் சொல்லாமல் அமத்தினது என்ரை பிழை, சட்டப்படி குற்றம். ஆருக்கும் சொல்லாதை.”

கொழும்பிலிருந்து நீ திரும்பி வரவில்லை.

நம் வானொலி ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதே, ஒருவர் போய்விட்டால் அவருடைய அழைப்புக் குறியைக் கடைசியாக ஒருமுறை காற்றில் கூப்பிடுவது. மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் ஒரு நிமிடம் யாரும் கதையாமல் கேட்க வேண்டும். அதன்பின், இந்தக் குறி ஓய்ந்தது என்று கூப்பிட்டவரே அறிவிக்க வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் செட்டில் கூடுவார்களல்லவா, அதை நடத்துகிற அண்ணை, ஆர் கூப்பிடுறது என்று கேட்டார். அவர்கள் யாரும் என் குரலை அதுவரை கேட்டதில்லை. “நான் கூப்பிடுறன், அண்ணை” என்றேன்.

உன் குறியை மூன்று தடவை கூப்பிட்டேன். கடைசி எழுத்தை விழுங்கவில்லை. அந்த மூன்று நிமிடமும் நான் சடங்குக்காகக் காத்திருக்கவில்லை. உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடம் முடிந்தபோது அறிவிக்க வாய் வரவில்லை. நான் சொல்லாவிட்டால் எல்லோரும் செட்டைப் பிடித்தபடி அப்படியே நிற்பார்கள் என்று நினைத்தேன். சொன்னேன்.

இப்போது நான் ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறேன். ஒருமுறை அழைத்தால், பதில் வராவிட்டாலும் உடனே விட்டுப் போவதில்லை; மற்றவர்கள் விடும் இடைவெளியைவிட நெடுநேரம் விடுகிறேன். போன மாதம் அண்ணைக்குப் பொறுமை போய்விட்டது.

“ஒருத்தரும் இல்லையெண்டு தெரியுதெல்லே பிள்ளை. பிறகும் ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்?”

“கேட்டுக்கொண்டிருக்கிற ஆருக்காவது கதைக்க ஏலாமல் இருக்கலாம், அண்ணை.”

இப்போது அவரும் அந்த இடைவெளியை விடுகிறார்.