பயன்பாட்டில் உள்ளது

அக்டோபர் 9

சந்தைக் கழிப்பறையைக் கட்டி முடித்து இன்று பூட்டிவிட்டார்கள்.

பூட்டு என் கடையில் வாங்கியதுதான். ஒப்பந்தக்காரர் வந்து, "இருக்கிறதிலேயே மலிவா ஒண்ணு குடுங்க, கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார். கொடுத்தேன். மாட்டிவிட்டுச் சாவியை ஓர் உறையில் போட்டுத் திட்ட அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். கட்டினது எதுக்கு, பூட்டினது எதுக்கு என்று கேட்டேன்.

"திறப்பு விழா நடக்க வேண்டாமா? பெரியவர் தேதி குடுத்ததும் திறந்துடுவாங்க."

பெரியவர் என்றால் துறைக்கு மேலே உட்கார்ந்திருப்பவர். அவர் வந்து நாடா வெட்டும்வரை ஒருவரும் உள்ளே போகக் கூடாதாம். வரம் கிடைத்தாயிற்று, பூசாரி சாவியோடு போய்விட்டார்.

கடைக்குப் பக்கத்தில் வெங்காய மூட்டையோடு உட்கார்ந்திருந்த என் அக்கா கேட்டாள்: "என்னடா, நகைக்கடை மாதிரி பூட்டிட்டுப் போறான்? உள்ள என்ன தங்கத்துலயா வச்சிருக்கான்?"

அக்டோபர் 11

இந்தக் கழிப்பறை வேண்டும் என்று மனு போட்டது நான். இந்த வருடம் சந்தைச் சங்கத் தலைவர் நான்தான். வேறு யாரும் அந்த நாற்காலிக்கு ஆசைப்படவில்லை. தள்ளுவண்டியில் ஆணி விற்று மேலே வந்தவனுக்கு அரசாங்க வாசல் எதற்கு? ஆனாலும் போட்டேன். அக்காவுக்காகப் போட்டேன். காகிதத்தில் 'சந்தை மகளிர் நலன்' என்று எழுதினேன். பொய்யில்லை. அவளும் சந்தை மகளிர்தானே.

விடியலில் வந்து உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருக்கிறாள். நடுவில் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. இந்த வரிசையில் எந்தக் கடையிலும் கழிப்பறை இல்லை, என் கடை உட்பட. ஆண்கள் பின்சுவர் பக்கம் போய் வருகிறோம். பெண்கள் அடக்கிக்கொள்கிறார்கள். போன கோடையில் அடிவயிற்றில் வலி என்றாள். டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். வாசலுக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "குடிக்கிறேன்டா. குடிச்சதை எங்க கொண்டு போய் விடறது, உன் கல்லாப்பெட்டியிலயா?" என்றாள்.

அன்று சாயங்காலமே மனு எழுதினேன்.

அக்டோபர் 20

திட்ட அலுவலகம். காலையில் போனவன் கடை சாத்தும் நேரத்துக்குத் திரும்பினேன்.

என் கடைக்கு வருகிறவனை நான் வாடிக்கையாளர் என்கிறேன். வாடிக்கை போய்விடுமோ என்ற பயம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அங்கே என் பெயர் பயனாளி. அந்தச் சொல்லில் பயம் நம் பக்கம். நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து கண்டுபிடித்தது இவ்வளவுதான்.

திட்ட அலுவலர் அம்மா நல்ல மாதிரி. அதுதான் வருத்தம், கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குத் திறந்தார். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் பேனா. மேசையில் பள்ளிக் கூரைத் திட்டம், கிணற்றுத் திட்டம், தெருவிளக்குத் திட்டம் என்று கட்டுக் கட்டாகக் கோப்பு. எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே.

"தலைவரே, என் கையில இருந்தா நேத்தே திறந்திருப்பேன். கட்டறதுக்கு பட்ஜெட்டுல தலைப்பு இருக்கு. அதுல காசு போட்டாங்க, கட்டியாச்சு. திறக்கறது விழாப் பிரிவு. அது மாடியில."

"மாடிக்குப் போகட்டுமா மேடம்?"

"போங்க. அவங்க என்னைக் கேக்கச் சொல்லுவாங்க."

போனேன். கீழே போய் மேடத்தைக் கேட்கச் சொன்னார்கள்.

அக்டோபர் 29

தேதி வந்துவிட்டது. நவம்பர் 6.

நவம்பர் 6

பந்தல் போட்டு, நாற்காலி அடுக்கி, கல்வெட்டையும் பதித்தாயிற்று. பெரியவர் பெயர் பெரிய எழுத்தில், கீழே இன்றைய தேதி. மத்தியானம் தகவல் வந்தது: வேறொரு அவசரக் கூட்டமாம்.

சாயங்காலம் ஒருவர் வந்து தேதியைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனார். பெயர் அப்படியே இருக்கிறது. கல்லைக் கண்டால் தேதியைக் காணோம், தேதியைக் கண்டால் ஆளைக் காணோம்.

பந்தல் வாடகை சங்கத்தின் தலையில்.

நவம்பர் 19

இரண்டாவது தேதி. இன்றும் வரவில்லை. இந்தத் தடவை தேதியைச் செதுக்காமல் பெயிண்ட்டில் எழுதியிருந்தார்கள். அலுவலகமும் பாடம் படிக்கிறது.

நவம்பர் 24

அக்கா விழுந்துவிட்டாள்.

எடைபோட்டுக்கொண்டிருந்தவள் தராசைப் பிடித்தபடியே சாய்ந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நானும் முட்டைக்காரம்மாவும் தூக்கி வண்டியில் போட்டோம். வழியெல்லாம் "கடையை யார் பாக்கறது, மூட்டை திறந்து கிடக்குடா" என்று அதே பேச்சு. அக்கா, உன் உயிரே திறந்து கிடக்கு, மூட்டைக்கு என்ன இப்போ?

சிறுநீரகத்தில் கல்லும் சீழும் என்கிறார் டாக்டர். இத்தனை நாள் அடக்கியது, குடிக்காதது, எல்லாம் சேர்ந்துதான். என்னைப் பார்த்துக் கேட்டார்: "வீட்டுல யாரும் கவனிக்க மாட்டீங்களா?" கவனிச்சேன் டாக்டர். மனு போட்டேன். வசூல் பண்ணி மக்கள் பங்களிப்பு கட்டினேன். ஓடு பதிச்சு, குழாய் வச்சு, தண்ணி ஏத்தி, எல்லாம் ரெடியா அவ கடைக்கு எதிரே இருக்கு. பூட்டு மட்டும்தான்—

சொல்லவில்லை. யாரிடம் சொல்வது?

நவம்பர் 27

காய்ச்சல் இறங்கியது. கல்லை எடுத்துவிட்டார்கள். கண் திறந்து அவள் சொன்ன முதல் முழு வாக்கியம்: "நாலடியில கக்கூஸ்டா இங்க. வீட்டுக்கு வரவே மனசில்ல."

சிரித்தேன். வெளியே வராந்தாவில் வந்து நின்றுகொண்டேன் கொஞ்ச நேரம்.

இனி மூட்டை தூக்கக் கூடாது, வெயிலில் நாள் முழுக்கக் குந்தியிருக்கக் கூடாது என்றார் டாக்டர். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 2

ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்து சத்தம் போட்டார். "என்னய்யா பூட்டு விக்கிறே? என் வீட்டுப் பூட்டைப் பக்கத்து வீட்டுக்காரன் சாவி திறக்குது!" மன்னிப்புக் கேட்டு வேறு மாற்றிக் கொடுத்தேன்.

தெரிந்த விஷயம்தான். மலிவுச் சரக்கில் ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு பூட்டு வரும், சாவி மூன்று தினுசுதான் இருக்கும். விலைக்குத் தக்க பத்திரம். ஆனால் இத்தனை நாள் எதிரே தொங்கினதை நான் பூட்டாகவே பார்க்கவில்லை, அரசாங்கமாகப் பார்த்தேன். இன்றுதான் உறைத்தது.

கடை சாத்திவிட்டு, பெட்டியில் மிச்சமிருந்த சாவிகளோடு போனேன். இரண்டாவது தினுசு திறந்தது.

மறுபடி பூட்டிவிட்டு வந்துவிட்டேன். அரசாங்கப் பூட்டைத் திறந்தால் வழக்கு. சரக்கு கையில் இருக்கிறது. கேட்கிற ஆள் வரட்டும்.

டிசம்பர் 12

ஆள் வந்தார். திட்ட அலுவலர் அம்மாவே கடைக்கு வந்துவிட்டார். முக்காலியைத் துடைத்துப் போட்டேன்.

பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். பயன்பாட்டுச் சான்று. 'மேற்படி கழிப்பறை பொதுமக்கள் பயன்பாட்டில் உள்ளது.' கீழே சங்கத் தலைவர் கையெழுத்து. மாதக் கடைசிக்குள் இது மேலே போகாவிட்டால் இரண்டாம் தவணை கஜானாவுக்கே திரும்பிப் போய்விடும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் வராது. அடுத்த வருடம் சந்தைக்குக் கூரை கேட்டால் பழைய திட்டமே முடியவில்லையே என்பார்கள்.

ஒப்பந்தக்காரருக்குப் பணம் வராவிட்டால் அவர் என் கடையில் வாங்கின குழாய்க்கும் வராது. மறைக்க என்ன இருக்கிறது. இருந்தாலும் பேனாவை எடுக்கவில்லை.

"பயன்பாட்டுல இல்லையே மேடம்."

"பணம் பயன்பட்டுச்சுன்னு அர்த்தம், தலைவரே."

"தமிழ்ல அப்படி எழுதலையே. பொதுமக்கள்னு போட்டிருக்கு."

அவர் காகிதத்தைத் திருப்பி ஒரு தடவை படித்தார். வியாபாரத்தில் நானும் சொல்லாத பொய் இல்லை. ஆனால் பொய் சொல்வதற்கும் ஒரு லாபம் வேண்டும். இதில் என் அக்கா படுத்ததுதான் மிச்சம்.

"பயன்பாட்டுல இருக்கட்டும். அந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன்."

"சாவி மாடியில இருக்கு. விழாவுக்கு முன்னாடி என்னால வாங்க முடியாது. என் வேலை போயிடும்."

பூட்டுப் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இந்தப் பூட்டு பன்னண்டுக்கும் சாவி மூணு தினுசுதான் மேடம். சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன்."

பெட்டியைப் பார்த்தார். தெருவுக்கு எதிரே பார்த்தார். நிறைய நேரம் என்னைப் பார்த்தார்.

"நான் பூட்டைப் பத்தி எதுவும் கேக்கல."

"நானும் எதுவும் சொல்லல."

எழுந்தார். காகிதத்தை முக்காலியிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கும்போது திரும்பாமலே சொன்னார்: "ஆய்வுக்கு வர்றதா இருந்தா முதல் நாளே போன் பண்ணிட்டுத்தான் வருவேன். ... அக்கா எப்படி இருக்காங்க?"

இவரிடம் நான் சொல்லவே இல்லையே. முட்டைக்காரம்மா வேலையாக இருக்கும்.

டிசம்பர் 13

விடியற்காலை திறந்தேன். முதலில் ஒருவரும் நம்பவில்லை. பிறகு வரிசை நின்றது. முட்டைக்காரம்மா வெளியே வந்து முந்தானையில் கை துடைத்தபடி சந்தை முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "தலைவரே, நான் பயன்படுத்திட்டேன். போடுங்க கையெழுத்தை!"

போட்டேன்.

டிசம்பர் 17

நாலே நாளில் உள்ளே கால் வைக்க முடியவில்லை. யார் கழுவுவது? திட்ட அலுவலர் அம்மாவுக்குப் போன் போட்டேன். "கட்டறதுக்குத்தான் தலைப்பு தலைவரே. கழுவறதுக்கு இல்ல." அவர் குரலைக் கேட்டபோது எனக்கே பாவமாக இருந்தது.

சங்கத்தில் பேசி, காலையும் மாலையும் கழுவ ஓர் ஆள் போட்டோம். ஆண்களிடம் தலைக்கு ஒரு காசு, பெண்களுக்கு இல்லை. வாசலில் உட்கார்ந்து வசூலிக்க இன்னும் ஒரு ஆள் வேண்டும். சந்தையில் எவன் சும்மா காசு கொடுப்பான்? வாயுள்ள ஆளாக வேண்டும்.

டிசம்பர் 30

பெரியவர் வந்தார். நேற்றே போன் வந்ததால் இரவே கழுவிப் பூட்டிவிட்டோம். அலுவலகச் சாவியும் ஒழுங்காகத் திறந்தது. எல்லோரும் முதல் தடவை பார்ப்பதுபோல் வாயைப் பிளந்து நின்றோம். முட்டைக்காரம்மா கொஞ்சம் அதிகமாகவே பிளந்தாள்.

உள்ளே எட்டிப் பார்த்தவர், தரை ஏன் ஈரம் என்றார்.

"புதுசு சார், இன்னும் காயல" என்றார் ஒப்பந்தக்காரர்.

திட்ட அலுவலர் அம்மா கல்வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றதால் யாரும் அவரைப் பேச அழைக்கவில்லை.

போகிறபோது பெரியவர் என் கையைக் குலுக்கி, "சந்தோஷம்தானே?" என்றார். சந்தோஷம் என்றேன். தூக்கம் வந்தது.

ஜனவரி 4

அக்கா சந்தைக்கு வந்தாள். அவள் இடத்தில் வேறொருத்தி உருளைக்கிழங்கு குவித்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். நேராக என் கடைக்கு வந்து கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மூட்டை தூக்கக் கூடாதாமே. டாக்டர் உன்கிட்ட சொல்லி, நீ முழுங்கிட்டே. சரி. வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாக்க என்னால ஆகாது. கக்கூஸ் வாசலுக்கு ஆள் தேடறியாமே?"

"அக்கா, அங்கெல்லாம் நீ..."

"ஏன், கௌரவமா? நான் வெங்காயம் வித்த காசுலதானே நீ முதல் ஆணி வாங்கினே. பேச்சை விடு, பேரத்துக்கு வா."

சங்கத் தலைவராக அவளோடு பேரம் பேசினேன். தோற்றேன். வாரச் சம்பளம், நான் சொன்னதற்கு மேல் கால் பங்கு. சாய்மானம் உள்ள நாற்காலி, தலைக்கு மேல் தகரம். சாவி அவளிடம், அலுவலக ஆள் கேட்டாலும் தர மாட்டாள். ஆண்களுக்கு ஒரு காசு. தம்பி என்று சலுகை இல்லை, எனக்கு இரண்டு.

என் பக்கத்தில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். காலையில் நான் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் நிரப்பி வைப்பேன். கடை சாத்துவதற்குள் அது காலியாக வேண்டும்.

அரைதான் முடியும் என்றாள். முழுதும் என்றேன். எழுந்து போவதுபோல் நடித்தாள்.

முக்கால் பாட்டிலில் முடிந்தது.