சாலம்மா போட்ட பத்தியம்

1983 மே 1, ஞாயிறு

கண்ணமங்கலத்தில் விடியற்காலையிலேயே வியர்வை. வேலூர், திருப்பத்தூர், அங்கிருந்து ஜீப். புதூர்நாடு வந்து இறங்கும்போது மணி இரண்டரை. இங்கே காற்று குளிர்ச்சி. ஜீப்பில் பதினாறு பேர், இரண்டு ஆடு. இடுப்பு விட்டுப்போயிற்று. எங்கள் பெண்கள் இருவரும் ஆரணியில் அக்கா வீட்டில்.

கொண்டு வந்தவை: எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு, கத்தரிக்காய், நெத்திலிக் கருவாடு (காகிதத்தில் மூன்று சுற்று), அவருக்கு ஒரு லுங்கி.

அவருக்கு இந்த மலைப்பள்ளியில் வேலை, எனக்குக் கண்ணமங்கலத்துப் பள்ளியில்; இந்த லீவுக்கு நான்தான் இங்கே வந்தேன். அவர் ஜீப் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தார். அரைக்கைச் சட்டை. ஒன்பது வருடமாகச் செதில் படையை மறைக்கச் சித்திரை வெயிலிலும் முழுக்கைதான். பையை வாங்க நீட்டிய கையைப் பார்த்தேன். முழங்கையில் செதில் இல்லை. வெளுத்த தழும்பு மட்டும்.

"இன்னாங்க இது?"

"வூட்டுக்கு வா, சொல்றேன்."

வீட்டில் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். முதுகு முழுக்க அப்படித்தான். மார்ச்சில் பார்த்தபோது அடை தட்டினதுபோல் இருந்த முதுகு.

மலைக்காரப் பெண் ஒருத்தி, தன் அப்பனிடம் கற்ற மருந்து தருகிறாளாம். பெயர் சாலம்மா. வெட்பாலை இலை போட்ட எண்ணெய், காலை வெயில், நாற்பத்தெட்டு நாள் பத்தியம். இன்று இருபத்தொன்பதாம் நாள். உப்பு, புளி, மிளகாய், கத்தரி, முட்டை, கறி, கருவாடு எதுவும் கிடையாது. சாமைக் கஞ்சி, பாசிப்பயறு, கீரை. பலாப்பழம் வாசனைகூட பிடிக்கக் கூடாது.

ஊறுகாய் ஜாடியை அவரே எடுத்துப் பரண்மேல் வைத்தார். சந்தோஷப்பட வேண்டும். வயிறு எரிகிறது. ஏன் என்று எழுதத் தெரியவில்லை.

மே 2, திங்கள்

ஏன் என்று காலையில் தெரிந்தது. படுக்கையை உதறினேன். ஒன்றும் விழவில்லை.

ஒன்பது வருடம், அவர் வீட்டில் இருந்த நாளெல்லாம், பெண்கள் எழுவதற்குள் அவர் படுக்கையில் உதிர்ந்த செதிலைக் கூட்டி அள்ளியவள் நான். அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

நான் செய்து பார்த்தவை, ஞாபகத்துக்காக:
1. வேலூர் தோல் டாக்டர். "அடங்கும், திரும்ப வரும். அடியோடு போகாது" என்றார். களிம்பு கொடுத்தார். ஒரு வாரம் தடவினார், பிசுபிசுப்பு என்று விட்டுவிட்டார்.
2. கந்தக சோப்பு.
3. ஆரணி நாட்டு வைத்தியர் லேகியம். உப்பில்லாப் பத்தியம். மூன்றாம் நாள் டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார், நானே பார்த்தேன்.
4. வெள்ளிக்கிழமை தோறும் நான் உப்பில்லாமல் சாப்பிட்டது. ஒரு வருடம். அவருக்குச் சொல்லவில்லை.

இதே உப்பு, இதே புளி, இதே கத்தரிக்காயைத்தானே நானும் வேண்டாம் என்றேன்? நான் சொன்னால் நச்சரிப்பு. சா. சொன்னால் வைத்தியம். (சாலம்மாவை இனி சா. என்றே எழுதப்போகிறேன். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.)

மே 3, செவ்வாய்

சா.வைப் பார்த்தேன். கிழவியாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். நாற்பத்தைந்து இருக்கும். கருத்த, உரமான உடம்பு, கன்னத்தில் ஒரு சுருக்கம் இல்லை. புருஷன் இருக்கிறான், பொன்னன், சாமைக்காடு உழுகிறவன், எதற்கும் சிரிப்பவன். அவனைப் பார்த்ததும் பாதி எரிச்சல் குறைந்தது. மீதிப் பாதி குறையவில்லை.

சா. வீட்டுக்குப் பின்னால் பாறை. அதன்மேல் இவர் சட்டை இல்லாமல் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். பொன்னன் முதுகில் எண்ணெய் தேய்த்துவிடுகிறான். எண்ணெய் கத்தரிப்பூ நிறம். அது என் வேலை. என் வேலையாக இருந்தது.

சா. தட்டில் கஞ்சி ஊற்றினாள். ஒரு சொட்டு விடாமல் குடித்துத் தட்டைக் கழுவியும் வைத்தார். வீட்டில் தம்ளரை நகர்த்தமாட்டார்.

"சாரு தங்கமான மனுசங்க டீச்சரம்மா. நம்ம வார்த்தைய ஒண்ணு மீறமாட்டாரு" என்றாள் சா.

"அப்படிங்களா" என்றேன். அதற்குமேல் பேசினால் என்ன வந்திருக்குமோ.

மே 6, வெள்ளி

மாலையில் இடி. மழை இல்லை. மண்ணெண்ணெய் அரை பாட்டில்தான் இருக்கிறது.

காலைக் கஞ்சியை வீட்டிலேயே வைக்கிறேன் என்றேன். "எதுக்கு உனக்கு சிரமம்?" என்றார். விடவில்லை. சா.விடம் பக்குவம் கேட்டு (கேட்க வேண்டியிருந்தது!) சாமையை வறுத்து, நொய்யாக உடைத்து, சீரகம் தட்டிப் போட்டு வைத்தேன். கட்டி தட்டிவிட்டது. பாதி குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"பரவால்ல. அவங்க கைப்பக்குவம் வேற."

மீதியில் உப்பு போட்டு நானே குடித்தேன். கல் கடித்தது. பதினேழு வருடக் கைப்பக்குவம்.

மே 9, திங்கள்

குழாயடியில் காதில் விழுந்தது: "சாலம்மா கை பட்டா பாறகூட வழவழன்னு ஆயிடும்." இன்னொருத்தி: "சாரு வந்தப்ப எப்படி இருந்தாரு! இப்ப மாப்ள கணக்கா கீறாரு." என்னைப் பார்த்ததும் அலம்பின குடத்தையே மறுபடி அலம்பினார்கள்.

கண்ணாடி பார்த்தேன். என் முகத்தில்தான் மாப்பிள்ளைக் களை இல்லை. மூக்கின் இரண்டு பக்கமும் மங்கு. அதற்கு யாரும் எண்ணெய் காய்ச்சவில்லை.

தையல்: அவர் கால்சட்டைக்குப் பொத்தான் இரண்டு.

மே 11, புதன்

மத்தியானத்திலிருந்து மழை. ஓட்டில் மூன்று இடத்தில் ஒழுகல். பாத்திரம் வைத்தேன்.

இதை மறைக்காமல் எழுத வேண்டும்.

கருவாடு எடுத்து வறுத்தேன். எனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டேன். எனக்கு ஒருத்திக்கு இரண்டு பிடி எதற்கு? கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பும் வைத்தேன். அவர் நனைந்து வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா வசந்தா, நெத்திலியா?"

"எனக்குதாங்க. உங்களுக்குக் கஞ்சி மூடி வெச்சிருக்கேன்."

துணி மாற்றிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். என் தட்டைப் பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது. நாற்பது நாளாக உப்பு காணாத நாக்கு. நான் தட்டை நகர்த்திக்கொண்டிருக்கலாம்.

"ஒரு துண்டு துன்னா இன்னா ஆயிடப்போவுது? உடம்புதான் சுத்தமாயிடுச்சே" என்றேன்.

ஒரு துண்டு. அப்புறம் நான்கு. அப்புறம் சோறே போடச் சொன்னார். கண்ணில் தண்ணீர், காரத்தினால். "உன் கை ருசி யாருக்கு வரும்!" என்றார்.

இன்று நான் ஜெயித்தேன். இப்படி எழுதுகிறேன், எழுதியதை அடிக்கப்போவதில்லை.

மே 12, வியாழன்

"சாலம்மாகிட்ட சொல்லாத" என்றார் காலையில், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. ஐம்பது பேருக்குக் கணக்குச் சொல்லித்தருகிற மனிதர்! சிரித்தேன். எங்கள் இருவருக்கும் ஒரு ரகசியம், வெகு நாளைக்குப் பிறகு. பாறைக்குப் போய் சாதுவாகக் கஞ்சி குடித்துவிட்டு வந்தார். மத்தியானம் மறுபடி குழம்பு.

மே 14, சனி

மீதிக் கருவாடும் தீர்ந்தது. முட்டை வாங்கி ஆம்லெட்.

மே 17, செவ்வாய்

இடது முழங்கையில் சிவப்பு. எறும்பு கடித்திருக்கும் என்றார். எறும்பு இல்லை. எனக்குத் தெரியாத சிவப்பா?

மே 19, வியாழன்

முதுகில் நான்கு இடம். தூக்கத்தில் சொறிகிறார். விடிந்ததும் படுக்கையை உதறினேன். உதிர்ந்தது. விளக்குமாற்றை எடுத்தேன். எடுக்கும்போது மனசின் ஒரு மூலையில் ஒரு நிம்மதி இருந்தது. சீ.

இவர் சா.விடம் ஒன்றும் சொல்லவில்லை. முதுகைக் காட்டி, "எப்படின்னு தெரியலீங்க" என்றாராம். நானும் பாறைக்குப் போகவில்லை. தலைவலி என்று படுத்திருந்தேன்.

மே 20, வெள்ளி

பொன்னன் வழியில் பார்த்தான். இன்று சிரிக்கவில்லை.

சா. தன் எண்ணெய்மீது சந்தேகப்பட்டு, வெயிலில் வைத்திருந்த இரண்டு ஜாடியையும் கீழே கொட்டிவிட்டாளாம். இலை மாறியிருக்கும், வேறு ஏதோ மரத்து இலை கலந்திருக்கும் என்று. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் தன் குழந்தைக்கு வாங்கிப்போயிருந்தாள். அவளுக்கும் தடவாதே என்று ஆள் அனுப்பியிருக்கிறாள். நேற்று மழையில் புது இலைக்காக மலை ஏறி, வழுக்கி, முட்டி பெயர்ந்துவிட்டது.

"அவளுக்கு ராவெல்லாம் அதே பேச்சு டீச்சரம்மா. எங்கப்பன் பேரக் கெடுத்துட்டேன், சாரு ஒடம்பக் கெடுத்துட்டேன்னு."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "நீங்க போய் சொல்லிடுங்க."

"இன்னான்னு சொல்றது? நாக்க அடக்க முடியலன்னா?"

"நான்தானே குடுத்தேன்."

"விடு. புது எண்ணெய் வந்தா சரியாயிடும்" என்று ரேடியோவைத் திருப்பினார்.

மே 21, சனி

வெயில். போனேன். இவரிடம் சொல்லாமல்.

சா. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டியில் பச்சிலைக் கட்டு. மடியில் இலை, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

"உங்க எண்ணெய்ல தப்பில்லீங்க. பதினோராம் தேதியிலேர்ந்து அவரு கருவாடு, கத்தரிக்கா, முட்டை எல்லாம் சாப்டாரு. நான்தான் செஞ்சி குடுத்தேன்."

இலையைக் கீழே வைத்தாள்.

"தெரியாமயா குடுத்த?"

"தெரிஞ்சிதாங்க."

"இன்னாத்துக்கு?"

அவளே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஓ" என்றாள். அவ்வளவுதான். அந்த "ஓ"வுக்குப் பதில் அவள் அடித்திருக்கலாம்.

அப்புறம் கத்தினாள். மலை முழுக்கக் கேட்டிருக்கும். "ரெண்டு ஜாடி எண்ண! பாவி, ரெண்டு ஜாடி! அந்தக் கொழந்த ரெண்டு நாளா அரிப்பு தாங்காம அழுவுது, நான் தடவாதன்னு சொன்னதால. உன் வூட்டுக்காரனுக்கு வருசம் பூரா சோறு போடறவ நீ. நான் போட்டது நாப்பது நாள் கஞ்சி. அதுல இன்னாடி எனக்கும் உனக்கும் போட்டி?"

நான் அழுதேன். அவள் சமாதானப்படுத்தவில்லை. பொன்னனைக் கூப்பிட்டு, அந்தக் குழந்தையின் வீட்டுக்கு ஓடச் சொன்னாள். மீதி இருந்தால் தடவலாம் என்று.

வெகு நேரம் கழித்து, கோபம் தணிந்த குரலில்: "கருவாட்டாலதான்னும் அடிச்சி சொல்ல மாட்டேன். இது போவும், வரும். எங்கப்பன்கிட்ட பாத்தவங்கள்ல பாதிப் பேருக்குத் திரும்ப வந்துச்சு. ஆனா எதால வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும் இல்ல? நீங்க ரெண்டு பேரும் என்ன குருடி ஆக்கிட்டீங்க."

வேலூர் டாக்டர் சொன்னதும் இதேதான். அடங்கும், திரும்ப வரும்.

உட்கார்ந்து இலை ஆய்ந்தேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இலைக்காம்பைக் கிள்ளினால் பால். கை பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை.

மே 22, ஞாயிறு

இவருக்குத் தெரிந்துவிட்டது. "என் மானத்த வாங்கிட்டியே" என்றார். பேசவில்லை. நானும்.

மே 24, செவ்வாய்

பேசினார். முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து.

"அவங்ககிட்ட எனக்கு வெக்கம் இருந்துச்சி வசந்தா. மூணாம் மனுசி எதிர்ல நாக்கக் காட்டக் கூடாதுன்னு. உன்கிட்ட எனக்கு இன்னா வெக்கம்?"

இதை எப்படி எடுத்துக்கொள்வது? உப்பு இல்லாமல் இருந்ததெல்லாம் அவளுக்காக, பஜ்ஜி தின்றதெல்லாம் என் பத்தியத்தில். வெட்கப்பட வேண்டிய இடத்தில் ஒழுங்காக இருந்துவிட்டு, அவிழ்த்துப் போட்ட சட்டைபோல் என்னிடம் வருகிறார். பெருமையா, மட்டமா? எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.

"அப்ப என்கிட்டயும் கொஞ்சம் வெக்கப்படுங்க" என்றேன். சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார்.

மே 26, வியாழன்

இவர் போய் சா.விடம் நின்றார். அவள் திட்டவில்லையாம், "ஒண்ணுல இருந்து எண்ணுங்க சாரே" என்றாளாம். இன்று ஒன்றாம் நாள். பரண் ஊறுகாயைக் குழாயடிப் பெண்களுக்குப் பங்கிட்டேன். எனக்கும் சேர்த்து உப்பில்லாக் கஞ்சியே வைத்தேன், நாடகத்துக்கு இல்லை, தனியாக ஒரு குழம்பு வைக்க என்னை நான் நம்பவில்லை.

அந்தக் குழந்தைக்கு அரிப்பு குறைந்திருக்கிறதாம். பொன்னன் சொன்னான், சிரித்தான்.

மே 29, ஞாயிறு

ஊருக்குப் புறப்படும் நாள். பள்ளி திறக்கும் முன் வீட்டை ஒழுங்கு செய்ய வேண்டும், அரிசி புடைக்க வேண்டும், பெண்களை அழைத்துவர வேண்டும். ஜீப் ஒன்பது மணிக்கு. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டேன்.

சா. நொண்டிக்கொண்டு வந்தாள், எனக்கு வழிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். கொடுத்துவிட்டு இவர் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும் இவர் காது மடலைப் பிடித்து முன்னால் மடக்கிப் பார்த்தாள்.

"நேத்துக்கு இன்னிக்குப் பரவால்ல சாரே."

காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பு. எனக்குத் தெரியாது. நேற்று அவளிடம் காட்டியிருக்கிறார். என்னிடம் காட்டவில்லை. நான் கேட்டபடி வெட்கப்படுகிறாரோ!

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். "நிறுத்துங்க" என்றேன். பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினேன். டிரைவர் ஏதோ முனகினார்.

"இன்னா மறந்துட்ட?" என்றாள் சா.

"பள்ளிக்கூடம் தெறக்க இன்னும் நாள் இருக்குதுங்க" என்றேன்.

அவருடைய உடம்புக்காக இறங்கினேன் என்று எழுத ஆசை. பொய். பொறாமைதான், இன்னும் எரிகிறது. நாளைக் காலை அவர் எழுந்ததும் அந்தக் காது மடலை மடக்கி முதலில் பார்ப்பது நான்தான்.